அனுசரி (வினைச்சொல்)

கோரையாறு ரெகுலேட்டர் குடியிருப்பு
20.06.2023

அன்பு மகள் சுடர்விழிக்கு அப்பா எழுதுவது.

நலமா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. நான் கூப்பிட்டால் உன் போன் ஒரு தடவை அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. என் நம்பரைத் தடுத்து வைத்திருப்பாய் என்று செல்போன் கடைக்காரர் சொன்னார். அதனால் உன் அலுவலக விலாசத்துக்கு எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ரெண்டு வரியாவது கண்ணில் படும்.

கல்லணை திறந்து நாலு நாள் ஆகிறது. நம் ஷட்டருக்குத் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. இன்று காலையில் பல்சக்கரத்துக்கெல்லாம் கிரீஸ் போட்டேன். ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

உன் அக்கா போய் நாலு மாதம் பதினொரு நாள். போன வாரம் முத்துப்பேட்டைப் பக்கம் போய் அக்கா மகள் குந்தவையைப் பார்த்துவிட்டு வந்தேன். ரெண்டாம் வகுப்பு போகிறாள். அவள் அப்பன் சேரன் மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டான். பிள்ளை அப்பாயியோடுதான் இருக்கிறது. முன்பெல்லாம் நான் போனதும் சட்டைப்பையில் கை விட்டு மிட்டாய் தேடுவாள். இந்தத் தடவை தேடவில்லை. நானாக எடுத்துக் கொடுத்தேன். “சித்தி ஏன் தாத்தா வரல?” என்று கேட்டாள். வேலை என்று சொன்னேன்.

ஒரு தடவை பேசு பாப்பா. திட்டுவதற்காக இருந்தாலும் பரவாயில்லை.

அப்பா
ரெத்தினம்


தஞ்சாவூர்
03.07.2023

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பத்து நாளாக மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். இப்போது எழுதுவதும் உங்களுக்காக இல்லை. வேலைக்காக.

அகராதியின் புதிய பதிப்பில் எனக்கு ‘அனு’வில் தொடங்கும் சொற்களைக் கொடுத்திருக்கிறார்கள். அனுகூலம் முடிந்தது. அனுசரியில் நின்றுவிட்டேன். பொருள் எழுதுவது பெரிய வேலை இல்லை. விரதத்தை அனுசரிப்பது ஒன்று. மற்றவர்களுக்கோ நிலைமைக்கோ ஏற்ப நடந்துகொள்வது இன்னொன்று. எடுத்துக்காட்டு வாக்கியம்தான் சிக்கல். கணினியில் தேடினால் நாற்பத்தாறு வாக்கியங்கள் வந்தன. அதில் முப்பத்தொன்று யாரோ ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னவை.

பக்கத்து மேசை நிலோஃபர் மணமகள் தேவை விளம்பரங்களையும் வாசித்துக் காட்டினாள். “அனுசரிச்சுப் போற பொண்ணு வேணுமாம். அனுசரிச்சுப் போற மாப்பிள்ளைன்னு ஒருத்தனாவது போட்டிருக்கானா பாரு” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் எழுந்து போய்க் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்காவின் பயோடேட்டாவை நீங்கள் சொல்லச் சொல்ல எழுதியது நான்தான். எனக்குக் கையெழுத்து அழகு என்று என்னிடம் கொடுத்தீர்கள். ‘அம்சவல்லி, பி.எஸ்சி., பி.எட்., குடும்பத்துக்கு அனுசரணையான பெண்.’ எழுதும்போது பெருமையாக இருந்தது.

கல்யாணமான மறுவருஷம் வந்தாள். மாமியார் பள்ளிக்கூட வேலையை விடச் சொல்லி, அவள் சான்றிதழ்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டீர்கள். குந்தவைக்கு மூன்று வயதானபோது மறுபடி வந்தாள். கன்னத்தில் விரல் தடம். அடுப்படியில் நின்று நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். “பெரியவங்க, ஏதோ கோவத்துல கை நீட்டிட்டாங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்றீர்கள். அதன் பிறகு அவள் வரவே இல்லை.

ஆற்றில் ஒரு அங்குலம் கூடினால் மேலே உள்ள ஊரும், குறைந்தால் கீழே உள்ள ஊரும் உங்களைக் கேள்வி கேட்கும் என்று மழையில் குடைகூட இல்லாமல் ஷட்டரில் நிற்பீர்கள். அவளுக்காக எங்கே நின்றீர்கள்?

குடல்வால் வெடித்துச் செத்தாள் அக்கா. முப்பத்திரண்டு வயது. மூன்று நாள் வலியை வயிற்றில் வைத்துக்கொண்டு அறுப்பு ஆட்களுக்குச் சோறாக்கிப் போட்டிருக்கிறாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

இதற்குப் பதில் வேண்டாம்.

சுடர்விழி


கோரையாறு ரெகுலேட்டர் குடியிருப்பு
11.07.2023

பாப்பாவுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஒரு தப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். என்னிடம் சொன்னாள்.

இதை இத்தனை நாள் யாரிடமும் நான் சொன்னதில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணி இருக்கும். அக்கா கூப்பிட்டாள்.

“அப்பா, நேத்து சாயங்காலத்துலேருந்து வயிறு ஒரு மாதிரி வலிக்குதுப்பா. வலது பக்கமா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா அறுப்பு ஆளுங்க பதினாலு பேரு நிக்கிறாங்க. மழையில சாஞ்ச நெல்லு, விட்டா மொளைச்சிடும்.”

நான் சொன்னேன், “ஓமத்தண்ணி வச்சுக் குடி ஆயி. ரெண்டு நாள்தானே. அறுப்பு முடியட்டும், நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். அதுவரைக்கும் கொஞ்சம் அனுசரிச்சுக்க.”

“சரிப்பா” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிட்டு நான் டீ குடிக்கப் போனேன்.

எங்கள் வேலையிலும் இந்த வார்த்தை உண்டு. ஷட்டர் திறந்து மூடும் லஸ்கராகச் சேர்ந்த புதிதில் செக்‌ஷன் ஆபீசர் சொல்வார், “மேலயும் பாரு, கீழயும் பாரு, அனுசரிச்சு விடு” என்று. மேலே தண்ணீர் ஏறினால் கரை உடைத்துக்கொள்ளும். கீழே குறைந்தால் பயிர் காயும். ரெண்டு பக்கத்து அளவையும் பார்த்துத்தான் ஷட்டரைத் தொடுவோம். முப்பது வருஷம் அதைச் சரியாகச் செய்தவன் நான். அக்காவிடம் மட்டும் ஒரு பக்கமே குறைத்துக்கொண்டு போகச் சொன்னேன். சம்பந்தி வீட்டுப் பக்கத்தை ஒரு நாளும் போய் ஏனென்று கேட்டதில்லை. ஊர் என்ன பேசும் என்ற பயம். அதற்கு மேல் பெரிய காரணம் இருக்குமென்று நீ தேட வேண்டாம்.

ரெண்டாம் தடவை கொண்டுபோய் விட்டபோது திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறினோம். டீ வாங்கிக் கொடுத்தேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு டம்ளரைப் பிடித்தபடியே இருந்தாள். பஸ் கிளம்பும்போது குடிக்காமலே திருப்பிக் கொடுத்தாள். நான் அதை வாங்கிக் குடித்தேன். பாழாகப் போகுமே என்று.

குந்தவையை மட்டும் மறந்துவிடாதே.

அப்பா


தஞ்சாவூர்
29.07.2023

அப்பா,

உங்கள் கடிதத்தில் முதல் பக்கத்தோடு எழுந்துவிட்டேன். மீதியை மறுநாள் நிலோஃபரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படித்தேன்.

ஒரே ஒரு கேள்வி. திங்கட்கிழமைக்குப் பிறகு அக்கா உங்களிடம் பேசினாளா? பேசியிருந்தால் என்ன சொன்னாள்? யாரைப் பற்றியாவது ஏதாவது சொன்னாளா?

ஒரு வரி எழுதினால் போதும்.

சுடர்


கோரையாறு ரெகுலேட்டர் குடியிருப்பு
08.08.2023

பாப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேசினாள். வலி அப்படியேதான் இருக்கிறது, உடம்பும் சுடுகிறது என்றாள். யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலையில் அவளே கூப்பிட்டாள். “அப்பா, வலி விட்டுடுச்சுப்பா. ஓமத்தண்ணி கேட்டுடுச்சு போல” என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கும் சந்தோஷம். பார்த்தாயா, நான்தான் சொன்னேனே என்றேன். வெடித்தவுடன் கொஞ்ச நேரம் வலி அடங்கின மாதிரி இருக்குமாம். அப்புறம்தான் டாக்டர் சொன்னார். அன்றைக்குப் பகலும் அவள் சோற்று அண்டா இறக்கியிருக்கிறாள். வியாழக்கிழமை காலையில் கொல்லையில் விழுந்து கிடந்தாளாம். ஆம்புலன்ஸ் திருவாரூர் போய்ச் சேரவில்லை.

இந்த வருஷம் தண்ணீர் போதாது போலிருக்கிறது. முறை வைத்துத்தான் விடுகிறோம். கடைமடையில் குறுவை நட்டவர்கள் தினமும் வந்து ஷட்டர் பக்கத்தில் நின்றுவிட்டுப் போகிறார்கள். ஒன்றும் கேட்பதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


கோரையாறு ரெகுலேட்டர் குடியிருப்பு
25.09.2023

பாப்பாவுக்கு,

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. நானும் எழுதவில்லை. இப்போது எழுதியே ஆக வேண்டும்.

நேற்று குந்தவையைப் பார்க்கப் போனேன். எனக்கும் அவளுக்கும் சேர்த்து இலை போட்டார்கள். பிள்ளை இடது கையால் சோற்றைப் பிசைந்தது.

“சோத்துக்கை என்னாச்சு ஆயி?”

“ஒண்ணுமில்ல தாத்தா.”

வலது கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். இழுத்துப் பார்த்தேன். மணிக்கட்டு வீங்கி நீலம் பாரித்திருந்தது. தொட்டால் கொதிக்கிறது. வியாழக்கிழமை பள்ளிக்கூடப் படியில் விழுந்திருக்கிறாள். நாலு நாள் ஆகிறது.

“ஏன் ஆயி யார்கிட்டயும் சொல்லல?”

“அப்பாயி வேலையா இருந்தாங்க.”

சம்பந்தியம்மா ஓடி வந்து பார்த்தார். “எனக்கே தெரியாது சம்பந்தி! வாயத் தொறந்தாத்தானே? ரொம்ப அனுசரணையான புள்ள. எதுக்கும் தொந்தரவு குடுக்காது. அப்படியே அவங்கம்மா மாதிரி” என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார். போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் விரிசல். டாக்டரம்மா கையை நேராக்கும்போது பிள்ளையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, வாயிலிருந்து சத்தம் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தம்மாவே கையை விட்டுவிட்டார். “வலிச்சா கத்தும்மா, ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார். அப்போதும் கத்தவில்லை.

மாவுக்கட்டுப் போட்டதும் பஸ் ஏறி இங்கே கூட்டி வந்துவிட்டேன். சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து சேரன் கூப்பிட்டான்.

“மாமா, அம்மா அழுவுறாங்க. புள்ளைய விட்டுட்டுப் போங்க. நீங்க பெரியவங்க, கொஞ்சம் அனுசரிச்சு…”

“தம்பி, அந்த வார்த்தைய மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க. அதச் சொல்லிச் சொல்லித்தான் எம்புள்ளைய மண்ணுல வச்சேன். இன்னொன்ன வைக்க எனக்குத் தெம்பு இல்ல.”

அந்தப் பக்கம் அவன் அழுகிற சத்தம் கேட்டது. “கேட்டிருக்கணும் மாமா. நான் ஒரு தடவையாச்சும் அவளக் கேட்டிருக்கணும்” என்றான். அப்புறம், “வச்சுக்குங்க மாமா. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றான்.

எட்டு வருஷம் முன்னால் இப்படிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளை இப்போது என் பாயில் தூங்குகிறாள். உன் அம்மாவும் இல்லாத வீட்டில், நான் ஆற்றுக்குப் போகும்போது அவளைத் தனியாக விட வேண்டியிருக்கிறது. தஞ்சாவூரில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கும். பெண்பிள்ளைக்கு ஒரு பெண் துணையும் வேண்டும். உன்னைக் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அப்பா


தஞ்சாவூர்
30.09.2023

அப்பா,

வருகிறேன் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. இதைச் சொல்லாமல் வந்தால் குந்தவையின் முகத்தைப் பார்க்க முடியாது.

அக்கா என்னையும் கூப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. நான் முதன்முறையாகப் பதிப்புக் குழுவின் முன்னால் என் பக்கங்களை வாசித்துக்கொண்டிருந்தேன். போன் மேசையில் அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தேன். “சுடரு, வயிறு ரொம்ப வலிக்குதுடா. நீ ஒரு எட்டு வரியா? உன்கூடன்னா ஆஸ்பத்திரிக்கு விடுவாங்க” என்றாள்.

“அக்கா, மீட்டிங்ல இருக்கேன். ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரேன். ரெண்டு மூணு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கக்கா, ப்ளீஸ்.”

“சரிடா, நீ வேலையப் பாரு.”

இருபத்திரண்டு விநாடி. என் போனில் இன்னும் பதிவாகியிருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து அவள் வீட்டுக்கு ரெண்டரை மணி நேரம். அன்றைக்கே மதியம் கிளம்பியிருந்தால்கூட விளக்கு வைப்பதற்குள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கலாம். எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், அப்பா. பிழைத்திருப்பாள்.

நான் சொன்னது இங்கிலீஷ் வார்த்தை. அதனால் அது வேறு வார்த்தை என்று எட்டு மாதமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அகராதியில் வேலை பார்க்கிறவள் நான். ரெண்டுக்கும் பொருள் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாதா?

உங்கள் நம்பரைத் தடுத்தது கோபத்தால் மட்டும் இல்லை. உங்கள் குரலைக் கேட்டால் சொல்லிவிடுவேனோ என்று பயம். உங்கள்மேல் கோபமாக இருந்தபோதெல்லாம் என்னைப் பற்றி நினைக்காமல் இருக்க முடிந்தது. சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் உங்களைப் பார்த்து, “நீங்கதான் கொன்னீங்க” என்று கத்தினேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். அதை எப்படித் திருப்பி எடுப்பேன்?

இதைப் படித்த பிறகும் குந்தவையை என்னிடம் விட மனசு வருமா?

சுடர்


கோரையாறு ரெகுலேட்டர் குடியிருப்பு
04.10.2023

என் பாப்பாவுக்கு,

எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அக்கா சொன்னாள். “தங்கச்சி ஞாயித்துக்கிழமை வருதுப்பா. அது கூடப் போய்க் காட்டிக்கிறேன். நீங்க அலைய வேணாம்” என்றாள். யாரைப் பற்றியும் சொல்லவில்லை என்று ஆகஸ்டில் நான் எழுதியது பொய். நீ அதைக் கேட்ட விதத்திலேயே உன் மனசு எப்படி வேகிறது என்று தெரிந்துவிட்டது.

சாவு வீட்டில் நீ கத்தியபோதும் தெரியும். நீ என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்வரை உன்னை நீயே தின்ன மாட்டாய் என்று நினைத்தேன். ஒரு வீட்டில் ஒருத்தன் மேல் பழி இருந்தால் போதும். எனக்கு வயதாகிவிட்டது, என்னோடு கொண்டுபோய்விடுவேன். உனக்கு முன்னால் எவ்வளவோ வருஷம் இருக்கிறது.

நீ சொன்னது ஒரு தடவை, வேலை நெருக்கடியில். நான் சொன்னது எட்டு வருஷம், நிதானமாக உட்கார்ந்து. ரெண்டையும் ஒரே தராசில் வைக்காதே.

“தங்கச்சி வருதுப்பா” என்று சொன்னபோது அவள் குரல் தெளிவாக இருந்தது. நீ வருவாய் என்ற நினைப்பில் இருந்தாள் பாப்பா. அதுதான் உன்னைச் சுடும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கடைசியில் அவளுக்கு எதிர்பார்க்க ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தது நீதான், நான் இல்லை.

பிள்ளையின் துணியெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். எப்போது வருகிறாய் என்று மட்டும் சொல்.

அப்பா


தஞ்சாவூர்
22.01.2024

அப்பாவுக்கு,

தினமும் போனில் பேசுகிறோம். ஆனால் இதைப் போனில் சொன்னால் பாதியில் உடைந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

அனுசரியை நான் எழுதவில்லை. நிலோஃபரிடம் கொடுத்துவிட்டு அனுதாபத்துக்குப் போய்விட்டேன். அவள் என்ன எடுத்துக்காட்டுப் போட்டாள் என்று பார்க்கவில்லை. என்றைக்காவது பார்ப்பேன்.

குந்தவை இங்கே வந்து மூன்றரை மாதம். எழுப்பினால் எழுந்துவிடுவாள். போட்டதைச் சாப்பிடுவாள். வகுப்பில் தங்கமான பிள்ளை என்று டீச்சர் சொன்னார். அன்றிலிருந்து ராத்திரியில் அவள் கையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன், எங்காவது வீங்கியிருக்கிறதா என்று. அம்மா என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து ஒருநாளும் நான் கேட்டதில்லை.

நேற்று கீழவாசல் கடைத்தெருவில் அவளுக்கு ஷூ வாங்கினேன். போட்டுக்கொண்டே நடந்து வந்தாள். பாதி வழியில் நின்றாள்.

“சித்தி, கடிக்குது.”

“வீடு பக்கந்தான்டா, இன்னும் கொஞ்சம்…” என்று ஆரம்பித்தேன். அந்த வார்த்தைக்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நடுத்தெருவில் பொத்தென்று உட்கார்ந்தாள். “வலிக்குது!” என்றாள். இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக. ஸ்கூட்டர்காரர் ஒருவர் வளைத்துக்கொண்டு போனார். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, “புள்ளையப் போட்டு அடிச்சியா?” என்று என்னைக் கேட்டார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். குதிகாலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. அப்படியும் அழுகை நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது காலுக்கான அழுகையாக இல்லை.

“அம்மா எப்ப வருவாங்க?” என்றாள்.

இதுவரை யாரும் அவளிடம் இதை நேராகச் சொல்லவில்லை போலிருக்கிறது, அப்பா. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், சாமிகிட்டப் போயிருக்கிறாள் என்று ஆளுக்கொன்று சொல்லி வைத்திருக்கிறோம். அவளும் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறாள்.

“அம்மா வர மாட்டாங்கடா. செத்துப் போயிட்டாங்க” என்றேன்.

அவள் சரி என்று சொல்லவில்லை. என் சேலையை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். “எனக்கு வேணும்!” என்று கத்தினாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி, மூச்சு முட்டும்வரை, “எனக்கு எங்கம்மா வேணும்!” என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

நான் அடக்கவில்லை, அப்பா.

சுடர்விழி